பச்சைக் கோப்பை வைத்த இடம்

டெல்லோ பர்ரகான் அன்றைக்குச் செய்த முதல் தப்பு, அந்தக் கக்கூஸ் கோப்பையை நகர்த்தியது.

பனி கொட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருவின் இரு பக்கமும் கார்கள் வெள்ளைக் குவியல்களாகக் கிடந்தன. எத்தனை முறை சுற்றி வந்தாலும் வண்டி நிறுத்த இடமில்லை. கடைசியில், அவர்கள் பார்க்க வந்த வீட்டின் வாசலிலேயே, ஓரங்கள் நறுக்கினாற்போல் பனியை வாரி ஒதுக்கிய ஒரு காலியிடம். அதன் நடுவே பாசிப்பச்சை நிறத்தில் ஒரு பழைய கக்கூஸ் கோப்பை. அதற்குள் யாரோ பிளாஸ்டிக் பூக்களை வேறு செருகியிருந்தார்கள்.

சிகாகோக்காரனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முதுகு ஒடியப் பனி வாரியவனுக்கு அந்த இடம் சொந்தம். அவன் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு நாற்காலியோ, இஸ்திரிப் பலகையோ, ஓடாத விசிறியோ அங்கே காவல் நிற்கும். சட்டப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. ஆனால் சட்டத்தை மீறியவனோடு இந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து குடிப்பார்கள். இதை மீறியவனோடு குடிக்க மாட்டார்கள். டெல்லோவே சின்ன வயதில் அப்பாவின் ஓட்டை வேனுக்காக இதே தெருவில் இஸ்திரிப் பலகையைக் காவல் வைத்தவன்தான்.

"வேணாம் டெல்லோ," என்றாள் மனைவி செலா. "யாரோ கஷ்டப்பட்டு வாரி வெச்சிருக்கான்."

"ஏஜென்ட் காத்துக்கிட்டிருக்கா. பத்தே நிமிஷம், பார்த்துட்டு வந்துடலாம்."

"நீ எதைப் பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கே? நம்ம கல்யாணத்துக்கே பாதிரியார் தூங்கினப்புறம்தான் வந்தே."

டெல்லோ இறங்கினான். கையுறை போட்டிருந்தும் அருவருப்பில் உடம்பு கூசியது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்தவன் பிள்ளையை ஈரத் துணியோடு தூக்குகிறவன் மாதிரி, கோப்பையைத் தூக்கிப் பனிக் குவியலின்மேல் சாய்த்தான். விளிம்பில் பல் போன மாதிரி ஒரு உடைசல் விரலில் தட்டுப்பட்டது. "சே, எவன் உட்கார்ந்ததோ," என்று கையைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு காற்சட்டையைத் தொட்டோமே என்று அதற்கும் ஒரு முறை முகம் சுளித்தான்.

டெல்லோ நடுநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளை மைதானம் சுற்றி ஓடவிட்டு, ஊதலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் வகை ஆசிரியர். ஊதல் ஊதும்போது மூச்சு வாங்குகிறது என்று பிள்ளைகளே சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரிக்காத விஷயம் உலகத்தில் ஒன்றுதான்: இந்த வீடு.

மூன்று தளம், தளத்துக்கு ஒரு குடும்பம். பதிமூன்று வயதுவரை அவன் இதன் நடுத்தளத்தில் இருந்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்குச் சனி இரவெல்லாம் குடல் சூப் வேகவைப்பாள். ஒருநாள் வீட்டுக்காரன் ஹவ்ரனெக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றான். "இந்த நாத்தத்தோட எவன் இருப்பான்?" என்றான். மாதக் கடைசியில் அவர்களுடைய சாமான்கள் கறுப்புக் குப்பைப் பைகளில் நடைபாதைக்கு வந்தன. அன்றிலிருந்து எந்த ஞானஸ்நான விருந்திலும் மூன்றாவது குவளைக்குப் பிறகு டெல்லோ ஆரம்பிப்பான்: "ஒருநாள் அந்த வீட்டை நான்..." உறவுக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

இப்போது வீடு விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டு பேரின் வாழ்நாள் சேமிப்பு, வங்கிக்காரனின் தயவு, இரண்டையும் சேர்த்தால் எட்டிப்பிடிக்கலாம். கீழே இவர்கள், நடுவில் மகளும் மருமகனும், மேலே வாடகைக்கு. மாலை ஐந்து மணிக்குள் விலை சொல்லிவிட வேண்டும்; இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செங்கல் வீட்டுக்கு வெளியே முழுக்கக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். துக்கத்துக்கு உடுத்தின மாதிரி இருந்தது. எதிர்வரிசையில் முன்பு ரொட்டிக் கடை இருந்த இடத்தில் நாய்களுக்கான பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிறந்தநாள் கேக், மேலே 'செல்லம் வின்ஸ்டன்' என்று எழுதியிருந்தது.

"வாங்க வாங்க!" ஏஜென்ட் கென்ட்ரா கதவைத் திறந்தாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டே காலில் மாட்ட நீலப் பிளாஸ்டிக் உறைகளை நீட்டினாள். "தரை புதுசு பாருங்க."

தரை சாம்பல் நிறம். சுவர் வெள்ளை. கதவு, கைப்பிடி, குழாய் எல்லாம் கறுப்பு. மேசைமேல் கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள். டெல்லோ ஒன்றை அமுக்கிப் பார்த்தான், பிளாஸ்டிக். அலமாரியில் புத்தகங்களை முதுகு உள்ளே போகும்படித் திருப்பி அடுக்கியிருந்தார்கள். எந்தப் புத்தகம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் போல. ஒவ்வொரு தளத்திலும் வனிலா வாசனை மெழுகுவத்தி எரிந்தது. பத்து நிமிஷத்தில் டெல்லோவுக்குக் கேக் ஒன்றை மூக்கில் திணித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"செங்கல் மட்டும் ஒரிஜினல்," என்று கென்ட்ரா ஒரு சுவரை வருடினாள். "அந்தக் காலத்து ஆன்மாவை அப்படியே வெச்சிருக்கோம்."

"அந்தக் காலத்துல இந்தச் சுவத்துல கரப்பான் ஓடும்," என்றான் டெல்லோ.

"அப்படியா, எவ்ளோ சுவாரஸ்யம்!"

செலா அவன் விலாவில் இடித்தாள். டயாலிசிஸ் மையத்தில் நர்ஸாக இருக்கிறவள். ரத்தம், சிறுநீர், வாந்தி எதற்கும் முகம் மாறாது. ஆனால் நாகரிகமில்லாத பேச்சுக்கு மாறும்.

"இது?" படிக்குக் கீழே பூட்டியிருந்த கதவைக் காட்டினாள் செலா.

"அது அடித்தளம். பாய்லர், பழைய சாமான். கணக்குல வராது."

வீடு பார்க்கப் போனால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்று மச்சான் சொல்லி அனுப்பியிருந்தான்: எல்லாக் கக்கூஸிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இழுத்துவிடு, மேலே குழாயைத் திறந்து பார், நீரோட்டம் குறைந்தால் ஓடி வந்துவிடு. தளத்துக்கு இரண்டு, ஆக ஆறு. கென்ட்ரா ஃபோன் பேசப் பால்கனிக்குப் போன நேரம் பார்த்துக் கணவனும் மனைவியும் வேலையில் இறங்கினார்கள். செலா கீழே, டெல்லோ மேலே. நீல உறைகள் வழுக்க, படிக்கட்டில் தடதடவென்று ஏறினான். மூன்றாம் தளம் போவதற்குள் உடற்பயிற்சி ஆசிரியருக்கு உயிர் போய்விட்டது.

போனது உயிர் மட்டுமில்லை. காலையில் தின்ற பன்றி இறைச்சி சாசேஜும் முட்டையும், ஓடின ஓட்டமும் சேர்ந்து, அடிவயிற்றில் அவசரமாகக் கதவைத் தட்டின. பார்க்க வந்த வீட்டில் இதற்கு உட்காருவது எவ்வளவு கேவலம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அங்கே எல்லாம் மினுமினுத்தது. கக்கூஸ் காகிதச் சுருளின் நுனியை முக்கோணமாக மடித்து அதன்மேல் தங்க நிறத்தில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், ஹோட்டல் மாதிரி. 'நாளைக்கு நம்ம வீடுதானே,' என்று உட்கார்ந்தான். தங்க நட்சத்திரத்தோடு காகிதத்தைக் கிழித்தான். கீழேயிருந்து செலா, "இப்போ!" என்று கத்த, ராஜா மாதிரிப் பொத்தானை அழுத்தினான். அடுத்த கோப்பைக்கு அவனும், கீழிரு தளங்களில் செலாவும் ஓடி ஓடி இழுக்க, ஆறு கோப்பைகளும் ஒரே குரலில் முழங்கின. குழாயில் தண்ணீர் கொஞ்சமும் குறையவில்லை.

"அருமையான பைப்பு!" என்றான் இறங்கி வந்து. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிறகு காபி குடித்தார்கள், ஜன்னல்களைத் திறந்து மூடினார்கள், மகளின் கட்டில் எங்கே வரும் என்று கையை விரித்து அளந்தார்கள். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாயிற்று. வெளியே வந்தபோது வண்டி இருந்த இடத்தில் கண்ணாடிப் பொம்மை ஒன்று நின்றது. கதவு, சக்கரம், துடைப்பான் எல்லாவற்றின்மேலும் விரல்கனத்துக்குப் பனிக்கட்டி. கண்ணாடி விளக்குப் போல வெயிலில் பளபளத்தது.

டெல்லோ கைப்பிடியை இழுத்தான். கையுறைதான் ஒட்டிக்கொண்டது.

நடைபாதை மட்டத்தில், வீட்டின் அடித்தள ஜன்னலிலிருந்து ஒரு தோட்டக் குழாய் யானைத் துதிக்கை மாதிரி எட்டிப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு முகம்.

"என்ன சார், கார் கழுவினது பிடிச்சிருக்கா?"

"யோவ்! பைத்தியமா நீ?"

"என் கோப்பையைத் தூக்கிக் கடாசினது யாரு? என் வண்டியை மச்சினன் எடுத்துட்டுப் போயிருக்கான், திரும்பி வந்தா எங்க நிறுத்துவான்?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்திருப்பேன்ல?"

"தூங்கிட்டிருந்தேன். ராத்திரி பூரா ரொட்டி சுட்டுட்டு வந்து தூங்கிட்டிருந்தேன். தரையே எழுப்பி விட்டுச்சு." அவன் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். "உள்ள கழுவிட்டிருந்தேன். குழாய் கையில இருந்தது. உன் வண்டி கண்ணுல பட்டுது."

செலா குளிரில் பல் தந்தியடிக்க நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். "அம்மா, நீங்க உள்ள வாங்க. பக்கத்துச் சந்துல வாசல் இருக்கு. வெந்நீர் போட்டுத் தர்றேன், கைப்பிடியில ஊத்தலாம்." டெல்லோவைப் பார்த்து, "நீ வேணா நில்லு," என்றான்.

டெல்லோ நிற்கவில்லை. பின்னாலேயே போனான்.

கதவைத் திறந்ததும் அடித்தது நாற்றம். வனிலாவெல்லாம் ஒரே மூச்சில் செத்துப்போயிற்று. அழுகிய முட்டை, சாக்கடை, பிளீச்சிங், மூன்றும் கலந்து தொண்டையில் படலமாக ஒட்டியது. கணக்கில் வராது என்று கென்ட்ரா சொன்ன அடித்தளத்தில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் கயிறு கட்டித் தொங்கிய வெள்ளை வேலைச் சட்டைகள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளித் தரையில் ஒரு வடிகால் துளை. அதைச் சுற்றிக் கறுப்பாகவும் பழுப்பாகவும் ஈரம். ஓரத்தில் ஒதுக்கிய ஒரு குவியல்.

டெல்லோவின் கை தானாகவே உயர்ந்து கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துப் பொத்தியது.

"என் பேரு ஃபிடென்சியோ லூனா," என்றான் அந்த ஆள், பானையை அடுப்பில் வைத்தபடி. "மன்னிக்கணும், வீடு கொஞ்சம் அலங்கோலமா இருக்கு. மேல புதுசா ஆறு கக்கூஸ் கட்டினாங்க. கீழ அதே பழைய பைப்பு. ஒண்ணு ரெண்டு இழுத்தா ஒண்ணும் ஆகாது. இன்னைக்கு எந்த மகராசனோ ஆறையும் ஒரே நேரத்துல இழுத்துட்டான். படை திரண்டு வந்த மாதிரி வந்துச்சு பாருங்க! கண்ணு முழிச்சா என் செருப்பு மிதக்குது."

செருப்பு குவியலின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாரில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

டெல்லோ அதைப் பார்த்தான். செலாவும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை.

"நீயா?" என்று வாயசைத்தாள்.

பதில் செருப்பில் இருந்தது. எதிரே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சாய்ந்து தொங்கிய ஒரு கண்ணாடி. அதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஆள் வாசலோரம் நின்றான். குண்டு முகம், சுருங்கிய புருவம், உள்ளே ஒரு அடிகூட எடுத்து வைக்காத கால். கைக்குட்டைக்குப் பதில் கழுத்துத் துணி, அவ்வளவுதான் வித்தியாசம். ஹவ்ரனெக்குக்கும் இதே மாதிரி தொந்தி இருந்தது.

தன்மேலே அவனுக்கு வந்த குமட்டலுக்கு முன்னால் அந்தக் குவியல் ஒன்றுமேயில்லை. துணியை இறக்கினான். மூச்சை உள்ளே இழுத்தான். கண்ணில் நீர் முட்டியது. நாற்றத்தால்தான் என்று வைத்துக்கொண்டான்.

"அந்த மகராசன் நான்தான்," என்றான். "ஆறாவது கக்கூஸ்ல நான் வெறும் தண்ணி மட்டும் விடலை."

ஃபிடென்சியோ அவனை மேலும் கீழும் பார்த்தான். "காலையில சாசேஜ் தின்னியா?"

"ஆமா."

"நினைச்சேன்."

செலா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கேட்காமலே துடைப்பத்தை எடுத்தாள். டெல்லோ வாளியைத் தூக்கினான். மூன்று பேரும் வேலை செய்தார்கள். டெல்லோ இரண்டு முறை சந்துக்கு ஓடிப் பனியில் ஓங்கரித்துவிட்டு வந்தான். இரண்டாவது முறை வந்தபோது ஃபிடென்சியோ ஒரு காகிதப் பையை நீட்டினான். சர்க்கரை மேலோடு வெடித்த வட்ட ரொட்டிகள், இன்னும் மெத்தென்று இருந்தன.

"சாப்பிடு. கை கழுவிட்டேன். ரெண்டு தரம்."

அந்த நாற்றத்தில் ரொட்டி. வேண்டாமென்றால் அது வேறு ஒரு அர்த்தமாகிவிடும். டெல்லோ கடித்தான், மென்றான், விழுங்கினான். அவமானம் என்னவென்றால், ரொட்டி பிரமாதமாக இருந்தது.

"நீங்க வாங்கப் போறீங்களா வீட்டை?" என்றான் ஃபிடென்சியோ.

"பார்க்க வந்தோம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள என்னைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. வாங்குறவருக்குக் காலி வீடா தரணுமாம். இந்தப் பனியில எங்க போறது? மச்சினன் வீட்டுல ஏற்கனவே ஒம்பது பேரு." அவன் தோளைக் குலுக்கினான். "உன்னைக் குத்தம் சொல்லலை. நீ வாங்கலேன்னா வேற ஒருத்தன் வாங்குவான். அவன் காலையில என்ன தின்னுட்டு வருவானோ!"

படியில் செருப்புச் சத்தம். உள்பக்கக் கதவின் பூட்டைத் திறந்துகொண்டு கென்ட்ரா பாதிப் படிவரை வந்தாள். நீல உறைகள் அந்தப் படியிலேயே நின்றன. புறங்கையை மூக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க காரைப் பார்த்தேன், அதான்... ஐயோ. நீங்க இங்க வந்திருக்கவே கூடாது."

"இந்தப் பைப்பைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் செலா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு.

"எனக்கு யாரும் எழுத்துல எதுவும் சொல்லலை." கென்ட்ரா குரலைத் தாழ்த்தினாள். ஃபிடென்சியோ அங்கே இல்லாதது மாதிரியே பேசினாள். "சார், ஒரு நிமிஷம் இருங்க. ஓனர்கிட்ட பேசிட்டு வர்றேன்."

மேலே போனாள், போன வேகத்தில் திரும்பினாள். முகத்தில் பழைய பல்வரிசை.

"நல்ல செய்தி! இப்படியே, இருக்கிறபடியே, இன்னைக்கே கையெழுத்துப் போட்டா ஓனர் விலையை நல்லாவே குறைக்கிறாரு. அந்த இன்னொருத்தரைக் கூப்பிடவே மாட்டாரு. வெள்ளிக்கிழமை இந்த இடம் காலி. அப்புறம் பைப்பைப் பத்தி யாருக்குக் கவலை? கீழ ஆளே இருக்க மாட்டாங்களே."

பானையில் வெந்நீர் கொதித்தது. ஃபிடென்சியோ ரொட்டிப் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தான், திரும்பத் திரும்ப.

டெல்லோவுக்கு அந்த வீடு வேண்டும். அந்த நேரத்திலும் வேண்டும். மேலே நடுத்தள ஜன்னலில் மகள் நிற்பதும், தான் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குள் வந்துபோயின. வெள்ளிக்கிழமை நடைபாதையில் கிடக்கப்போகும் கறுப்புப் பைகளும் வந்தன. ஒரு கணம், ஒரே கணம், 'அவனே குத்தம் சொல்லலைன்னுதானே சொன்னான்' என்று மனம் வழக்காடிப் பார்த்தது. தன் மனத்தின் வாயைக் கழுவிவிட வேண்டும் போல இருந்தது அவனுக்கு.

செலா அவனை நெருக்கவில்லை. காத்திருந்தாள்.

"இவரு எங்க போவாரு?" என்றான்.

"அது உங்க கவலை இல்லை சார்."

"சரி. ஓனர்கிட்ட சொல்லுங்க, அட்வான்ஸ் ஏற்கனவே குடுத்துட்டேன்னு." வாளியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினான். "இதோ இருக்கு. வீடு எனக்கு வேணாம், அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க."

ஃபிடென்சியோவுக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

கென்ட்ராவின் கையில் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். வடிகால், குவியல், செருப்பு, எல்லாம் தெளிவாக விழுந்த ஒரு படம். கீழே செலாவின் நாலு வரி.

"எழுத்துல யாரும் சொல்லலைன்னீங்களே," என்றாள் செலா, தன் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு. "சொல்லிட்டேன். இனிமே வாங்க வர்றவங்க எல்லாருக்கும் நீங்க சொல்லித்தானே ஆகணும்?"

"நான் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிடலை," என்றாள் கென்ட்ரா. ஃபோனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெந்நீரும் உப்பும் பள்ளி அடையாள அட்டையும் கொண்டு மூவருமாகக் காரைச் சுரண்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கென்ட்ரா வாசலில் விற்பனைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பைப்பை மாற்றாமல் இனி விற்க முடியாது, மண் பாறையாக உறைந்து கிடக்கிறது, ஏப்ரலுக்கு முன்னால் தோண்ட வழியில்லை என்று சொன்னாள். இவர்களைப் பார்க்காமல், பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை?" என்றான் ஃபிடென்சியோ.

"விற்பனையே இல்லைன்னா காலி வீடு எதுக்கு? வாடகையாவது வரட்டும்னு சொல்றாரு."

"ஏப்ரல் வரைக்கும்!" ஃபிடென்சியோ குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மேல ஆளில்லை. கக்கூஸும் இல்லை. இந்தக் குளிர்காலம் நான் ராஜா."

"ஏப்ரல்ல?" என்றான் டெல்லோ.

"ஏப்ரல்ல பனி இருக்காது. மச்சினன் வீட்டு வராந்தாவுல படுக்கலாம்."

டெல்லோ வண்டியில் ஏறினான். முப்பத்தைந்து வருஷச் சபதம் ஒரு வாளியில் போய்விட்டது. துக்கமாக இருந்தது. கூடவே ஒரு கேவலமான நிம்மதியும் இருந்தது. இனி விருந்துகளில் மூன்றாவது குவளைக்குப் பிறகு வேறு கதை தேட வேண்டும். வண்டியை வெளியே எடுத்தவன் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினான்.

பனிக் குவியலில் பச்சைக் கோப்பை சாய்ந்து கிடந்தது. இந்த முறை முகத்தைத் திருப்பாமல் தூக்கினான். விளிம்பின் உடைசல் கண்ணுக்கு நேரே வந்தது. ஒன்பது வயதில், உடம்பை முறுக்கேற்றப் போகிறேன் என்று அப்பாவின் இரும்புக் குண்டைக் குளியலறையில் தூக்கி, கைநழுவிப் போட்டு உடைத்த உடைசல். அதற்கு வாங்கிய அடியைத் தொடை இன்னும் மறக்கவில்லை. அந்த வீட்டில் ஒரிஜினலாக மிஞ்சியிருந்தது செங்கல் மட்டுமில்லை.

'எவன் உட்கார்ந்ததோ.'

சிரிப்பு வந்துவிட்டது. காலியிடத்தின் நடுவில் கோப்பையை இறக்கி வைத்தான். பூக்களை நிமிர்த்திவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!" என்று அடித்தள ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஹான், அங்கதான்! இடத்தைப் பிடிக்க வர்றவன் கண்ணுல முதல்ல கோப்பைதான் படணும்!"

நகர்த்தி வைத்துவிட்டு வண்டிக்கு வந்தான். செலா உள்ளேயிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கினாள்.

"ஸ்டீயரிங்கைத் தொட்டே, கொன்னுடுவேன். போய் அவர்கிட்ட சோப்பு கேட்டு வாங்கிக் கழுவிட்டு வா. ரெண்டு தரம்."